நியூட்டன் தொட்டில்: கடையில் வாங்குவதா, கையால் கட்டுவதா?

ஆய்வகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் இந்த ஆண்டு கொஞ்சம் மீந்தது. "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள், டீச்சர். அலமாரியில் பூட்டி வைக்கிற பொருளாக மட்டும் இருக்கக் கூடாது" என்றார் தலைமையாசிரியர். நியூட்டன் தொட்டில் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். உந்த அழிவின்மையை, அதாவது மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது) மாறாது என்பதை, கரும்பலகையில் எழுதிக் காட்டுவதற்கும் கண்ணெதிரே நடக்கவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

பெயர் தெரியாதவர்கள்கூடப் பொருளைப் பார்த்திருப்பார்கள். மேலாளர்களின் மேசைகளில் அலங்காரமாக நிற்குமே, ஒரு கம்பிச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் ஐந்து பளபளப்பான எஃகுக் குண்டுகள், அதுதான். ஓரத்துக் குண்டைத் தூக்கி விட்டால் 'டக்' என்று மோதி நின்றுவிடும். எதிர் ஓரத்துக் குண்டு மட்டும் எழும்பும். இடையில் உள்ள மூன்றும் ஒன்றும் நடக்காதது போல நிற்கும். இரண்டை விட்டால் இரண்டு எழும்பும். மூன்றை விட்டால் மூன்று எழும்பும். அப்போது நடுக்குண்டு மட்டும் நிற்காமல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஆடிக்கொண்டே இருக்கும்.

வாங்குவது என்று முடிவான பிறகுதான் எதை வாங்குவது என்ற கேள்வி வந்தது. உள்ளங்கை அளவு பொம்மை இருக்கிறது. ஒரு முழ உயரத்தில் ஆய்வகக் கருவியாகச் செய்தது இருக்கிறது. பாட்டரி போட்டு ஓயாமல் ஆடுவது இருக்கிறது. கைப்பேசித் திரையில் ஆடுவது இருக்கிறது. பணமே செலவில்லாமல் கோலிகுண்டும் அளவுகோலும் வைத்துச் செய்வது இருக்கிறது. பால்ரஸ் குண்டு வாங்கி நாமே கட்டிக்கொள்வதும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஏதோ ஒரு சமயத்தில் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன். என்னைப் போல முடிவெடுக்க வேண்டிய ஆசிரியர்களுக்கும், பிள்ளைக்கு ஒன்று வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எது நல்ல தொட்டில் என்பதற்கான விடையில் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் குழந்தைக்குத் தூளியும் கட்டுவோம், தொட்டிலும் போடுவோம். உத்தரத்து வளையம் ஒன்றில் முடிந்த தூளியை எந்தப் பக்கமும் ஆட்டலாம். தானாகவே சுற்றவும் செய்யும். இரண்டு முனைகளிலும் தனித்தனியே சங்கிலி கட்டிய மரத்தொட்டில் அப்படியல்ல. அது ஒரே திசையில்தான் முன்னும் பின்னும் போகும். குண்டையும் ஒற்றை நூலில் தொங்கவிட்டால் அது தூளியாகிவிடும்: நாலைந்து மோதலுக்குள் பக்கவாட்டில் விலகி, வரிசை கலைந்துவிடும். V வடிவில் இரண்டு நூல்களில் தொங்கவிட்டால்தான் அது தொட்டில். கடைப் பொருளாக இருந்தாலும் கைப்பொருளாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரட்டை நூல்தான்.

நியூட்டன் இந்தப் பொம்மையைச் செய்யவில்லை. 1967இல் சைமன் பிரெபிள் என்ற ஆங்கில நடிகர் மரச்சட்டத்தில் செய்து, இந்தப் பெயரைச் சூட்டி விற்றார் என்றும், லண்டனின் ஹாரட்ஸ் கடையில்தான் அது முதலில் விற்பனைக்கு வந்தது என்றும் சொல்வார்கள். ஆனால் தொங்கும் குண்டுகளை மோதவிட்டுப் பார்த்தவர்கள் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். பிரான்சில் மரியோட் என்ற அறிவியலாளர் இருந்தார். வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய அறிஞர்களும் மோதல் விதிகளை ஆராய்ந்தார்கள். நியூட்டன் 1687இல் வெளியிட்ட 'பிரின்சிபியா' நூலில் இவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, தான் செய்த சோதனையையும் விவரிக்கிறார். பத்தடி நீள ஊசல்களைக் கட்டித் தொங்கவிட்டு, காற்றினால் ஏற்படும் இழப்பையும் கணக்கில் கழித்து, எந்தப் பொருள் எப்படி மோதுகிறது என்று பார்த்தார். இறுகச் சுற்றிய கம்பளி உருண்டைகள் 9 பங்கு வேகத்தில் நெருங்கினால் 5 பங்கு வேகத்தில் விலகின. கண்ணாடிக் குண்டுகளுக்கு அது 16க்கு 15. தக்கை சற்றுக் குறைவான வேகத்தில் திரும்பியது. எஃகுக் குண்டுகள் ஏறக்குறைய வந்த வேகத்திலேயே விலகின.

எந்தக் குண்டு வாங்கலாம் என்ற நம் ஒப்பீட்டை நியூட்டனே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. பதினோராம் வகுப்பில் மீட்சியளிப்புக் குணகம் என்று நடத்துவது இந்த விகிதத்தைத்தான். அதை ஐந்து குண்டுத் தொட்டிலுக்குப் பொருத்திப் பாருங்கள். முதல் குண்டின் வேகம் நான்கு மோதல்களைத் தாண்டித்தான் ஐந்தாவதைச் சேர வேண்டும். சம எடையுள்ள இரண்டு கண்ணாடிக் குண்டுகள் மோதும்போது வேகத்தில் 32இல் 31 பங்கு அடுத்ததற்குப் போகும். நான்கு முறை அப்படிக் கடந்தால் கடைசிக் குண்டுக்கு 88 விழுக்காடு வேகம் கிடைக்கும். உயரக் கணக்கில், 10 செ.மீ. தூக்கி விட்டால் அது 8 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக எழும்பும். கம்பளி உருண்டையில் 9இல் 7 பங்குதான் கடக்கும்; நான்கு மோதலுக்குப் பிறகு 37 விழுக்காடு வேகம்; எழும்பும் உயரம் ஏறத்தாழ 1.3 செ.மீ.தான். மோதலுக்கு மோதல் இழப்பு பெருகிக்கொண்டே போவதால், குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட ஆட்டம் சீக்கிரம் குலையும். ஏழு குண்டு, ஒன்பது குண்டு என்று விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து போதும்.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன்.

உள்ளங்கை அளவு பொம்மையைத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். சில நூறு ரூபாய்க்கு இணையக் கடைகளில் கிடைக்கிறது. என் தம்பி மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போனேன். பெட்டியைத் திறந்தபோதே நூல்கள் சிக்கிக் கிடந்தன. பிரித்தெடுக்க ஒரு பாடவேளை போயிற்று. பிரித்த பிறகும் முதல் குண்டை விட்டால் நடுவில் இருந்தவை பக்கவாட்டில் நடுங்கின, கொஞ்ச நேரத்தில் ஐந்தும் சேர்ந்து ஒரே கும்பலாக ஆடத் தொடங்கின. "டீச்சர், புத்தகத்தில் நடுக்குண்டு அசையாது என்று போட்டிருக்கிறதே?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானது. அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு அவளுக்கு விடை காட்ட என்னால் முடியவில்லை.

சிறிய பொம்மையில் இப்படி நடப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, குண்டின் அளவு. 12 மி.மீ. குண்டு வரிசையில் ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே இருந்தால் மோதல் ஏறத்தாழ 5 டிகிரி கோணலாக விழும். 20 மி.மீ. குண்டில் அதே பிழை 3 டிகிரிக்கும் குறைவு. பெரிய குண்டு நம் கைப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது, எடை. 12 மி.மீ. எஃகுக் குண்டு 7 கிராம்தான், 25 மி.மீ. குண்டு 64 கிராம். விட்டம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும்போது எடை ஒன்பது மடங்காகிவிடுகிறது, ஆனால் காற்றில் படும் பரப்பு நான்கு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. எனவே காற்று சிறிய குண்டிடமிருந்துதான் அதிக விகிதத்தில் பிடுங்கிக்கொள்கிறது. மூன்றாவது, நூலின் நீளம். குண்டின் மையம் தொங்கும் கம்பியிலிருந்து 10 செ.மீ. கீழே இருந்தால் அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம்) 0.63 நொடி. ஒரு நொடிக்கு மூன்று மோதல்கள்! முன்வரிசைப் பிள்ளையின் கண்ணால்கூட அதைப் பின்தொடர முடியாது, பின்வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 25 செ.மீ. இருந்தால் அலைவு நேரம் சரியாக ஒரு நொடி; அரை நொடிக்கு ஒரு மோதல். அப்போது பார்க்கலாம், எண்ணலாம், அடுத்தது என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் நேரம் இருக்கும். நியூட்டன் பத்தடி ஊசல் கட்டியதும் இந்த நிதானத்துக்காகத்தான் இருக்க வேண்டும். அந்த நீளத்தில் ஒரு முழு அலைவுக்கு மூன்றரை நொடி ஆகும்.

ஆகவே பொம்மைதான் வாங்குவது என்றால், கிடைப்பதில் நடுத்தர அளவாக, குண்டு 20 மி.மீ.க்குக் குறையாததாக, அடித்தளம் கனமானதாகப் பாருங்கள். கடையில் நேரில் வாங்க முடிந்தால் கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள்: ஐந்து குண்டுகளும் ஒரே மட்டத்தில், தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்றால் வேண்டாம். ஒரு குண்டை விட்டுப் பார்க்கும்போது சட்டம் ஆடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். சட்டம் நடுங்கினால், குண்டுக்குப் போக வேண்டிய ஆற்றல் அங்கே போகிறது என்று பொருள்.

ஆய்வகக் கருவியாகச் செய்து விற்கும் பெரிய தொட்டில் இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடுகிறது. அரியானாவின் அம்பாலா அறிவியல் கருவித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து வரும் கருவிகளை நம் பள்ளிகளிலும் பார்க்கலாம். இத்தகைய தொட்டிலில் சட்டம் உறுதியாக இருக்கும், நூல் நீளமாக இருக்கும், சிலவற்றில் நூலின் நீளத்தைத் திருகாணியால் சரிசெய்யவும் முடியும். அந்தத் திருகாணி இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து. அது இல்லையென்றால், பெரிய அளவு என்பதற்காக மட்டும் கொடுக்க வேண்டாம். ஒரு நூல் தளர்ந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழி இல்லாமல், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவி அலமாரியில் தூங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

பெரிதாகச் செய்தால் சிறப்பாக ஆடும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2011இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான 'மித்பஸ்டர்ஸ்' குழுவினர், கான்கிரீட்டும் முறுக்குக் கம்பியும் நிரப்பிய ஒரு டன் எடையுள்ள மிதவைக் குண்டுகள் ஐந்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஓரிரு ஆட்டத்திலேயே அது சோர்ந்துவிட்டது. முழுதும் எஃகாக, கடினமாக, பிசகாத உருண்டையாக இருந்தால்தான் மோதலின் ஆற்றல் சிதறாமல் அடுத்த குண்டுக்குப் போகும். உள்ளே கான்கிரீட் நிரப்பிய கூட்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எடையைவிடப் பொருளும் வரிசையும் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

பாட்டரி போட்டு ஓயாமல் ஆடும் வகையை வகுப்புக்குள் விடவே கூடாது. அடித்தளத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் ஒளிந்துகொண்டு, குண்டோ காந்தமோ கடந்து போகும் ஒவ்வொரு முறையும் சிறிதாகத் தள்ளிவிடுகிறது. மின்காந்தவியலுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் உந்தம் படிக்கும் பிள்ளையிடம் அதைக் காட்டினால், ஆற்றல் தீராமல் ஓடும் என்ற எண்ணம் பதிந்துவிடும். அதைத் துடைத்தெடுப்பது கடினம்.

கைப்பேசித் திரையில் ஆடும் தொட்டிலிலும் இதே குறை கொஞ்சம் இருக்கிறது. அங்கே குண்டு ஒருபோதும் வழி தவறாது. நிரல் எழுதியவர் சொன்னபடியே நடக்கும். ஆனால் கைப்பேசியை ஒதுக்காதீர்கள். அதன் ஒளிப்படக் கருவியில் மெதுவோட்டம் இருந்தால் உண்மையான தொட்டிலைப் படமெடுத்துப் பாருங்கள். நொடிக்கு 240 படங்கள் என்ற வேகத்தில் எடுத்தால், அசையாமல் நிற்பதாக நாம் நினைத்த நடுக்குண்டுகள் ஒவ்வொரு மோதலிலும் சற்றே நகர்வதைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டுவார்கள்.

இனிக் காசு செலவில்லாத வழி. நடுவில் பள்ளம் ஓடும் அளவுகோல் ஒன்று, ஆறேழு கோலிகுண்டுகள். பள்ளத்தில் ஐந்து குண்டுகளைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு அடுக்கி, ஆறாவதை உருட்டிவிட்டால் மறு முனையிலிருந்து ஒன்று ஓடும். இரண்டை உருட்டினால் இரண்டு ஓடும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லாருடைய கையும் படுகிற ஒரே சோதனை இதுதான்; அதற்காகவே இதை நான் கைவிட மாட்டேன். கோலி ஆடிய எவருக்கும் இது முன்பே தெரியும்: நேருக்கு நேர் பட்டால் அடித்த குண்டு அங்கேயே நிற்கும், பட்ட குண்டு பறக்கும்.

ஆனால் அடித்த குண்டு முழுதாக நிற்காமல் கொஞ்சம் ஊர்ந்து முன்னே வருவதையும் ஆடியவர்கள் பார்த்திருப்பார்கள். உருண்டு வரும் குண்டுக்குச் சுழற்சியும் இருக்கிறது. மோதும்போது நேர்கோட்டு உந்தத்தைக் கொடுத்துவிடுகிறது. சுழற்சி அதனிடமே தங்கிவிடுகிறது. அந்தச் சுழற்சிதான் அதை மறுபடி முன்னே இழுக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்கப் போனால் பாடம் திசைமாறிப் போகும். குண்டுகளைத் தொங்கவிடுவதன் அருமை அங்கேதான்: தொங்கும் குண்டு உருளுவதில்லை.

கேரம் பலகையிலும் செய்யலாம். காய்களை வரிசையாகத் தொட்டு வைத்து, இன்னொரு காயாலேயே சுண்டினால் கடைசிக் காய் விலகும், சுண்டிய காய் ஏறக்குறைய நின்றுவிடும். ஸ்ட்ரைக்கரால் அடித்தால் அது நிற்காமல் பின்தொடர்ந்து போகும். ஏனென்றால் ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் அளவு. எடை மாறினால் முடிவு மாறும் என்பதைக் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கையால் கட்டும் தொட்டிலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கு இறுதியாகத் தேர்ந்தெடுத்ததும் அதுதான்.

குண்டுக்கு இரண்டு வழிகள்: கோலிகுண்டு அல்லது பால்ரஸ் குண்டு. கோலிகுண்டு மலிவு, நியூட்டன் கணக்குப்படி 16க்கு 15 என்ற நல்ல மீட்சியும் உண்டு. ஆனால் ஒரே பையில் வாங்கிய குண்டுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. சில முழு உருண்டையாகவே இருக்காது. அட்டையில் ஒரு வட்டத் துளை வெட்டி, அதில் சரியாக நுழைபவற்றை மட்டும் பொறுக்க வேண்டியிருக்கும். எடையும் குறைவு, 16 மி.மீ. கண்ணாடிக் குண்டு ஐந்தரை கிராம்கூட இருக்காது. பால்ரஸ் குண்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இயந்திரத்துக்குள் சுழல வேண்டியது என்பதால், ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாட்டில் அதைச் செய்கிறார்கள். கடினப்படுத்திய எஃகு. 20 மி.மீ. குண்டு 33 கிராம். பேரிங் கடையில் புதியதாகவே கேட்டு வாங்குங்கள். மெக்கானிக் கடையில் கழித்துப் போட்டவை தேய்ந்தும் புள்ளி விழுந்தும் இருக்கும். வாங்கியதைக் காந்தத்தின் பக்கமும் ஒலிபெருக்கியின் பக்கமும் வைக்காதீர்கள். எஃகு காந்தமேறிவிட்டால் குண்டுகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பிறகு தொட்டில் ஆடாது. மழைக்காலத்தில் துருப் பிடிக்காமலிருக்கத் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும்.

எஃகுக் குண்டில் துளை போட நம்மால் முடியாது. அதன் தலையில் ஒரு பாசிமணியை ஒட்டி, அந்த மணியின் துளை வழியாக நூலைக் கோக்கலாம். நொடியில் ஒட்டும் பசையால் ஒட்டிய மணிகள் மோதல் அதிர்ச்சியில் ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துவிட்டன. இரண்டு குழாய்களில் வரும் எபாக்ஸி பசையைக் கலந்து, ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஓர் இரவு முழுவதும் காயவிட்டால் நிற்கிறது. நூலுக்குத் தூண்டில் நரம்பு நல்லது. பருத்தி நூல் முறுக்கவிழ்ந்து குண்டைச் சுழற்றிவிடும். ஈரப்பதத்துக்கு ஏற்ப நீளமும் மாறும்.

சட்டத்துக்காகத் தச்சரிடம் போக வேண்டாம். நான்கு கால் ஸ்டூல் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசைமேல் வையுங்கள். கால்களின் நுனியில் எதிரெதிராக இரண்டு கழிகளை இணையாகக் கட்டுங்கள். இடைவெளி 25 செ.மீ. இருக்கட்டும். குண்டு 25 செ.மீ. கீழே தொங்க வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்து நூலும் 28 செ.மீ. வேண்டும், இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், பித்தகோரஸ் தேற்றத்துக்கு ஒரு வேலை கிடைக்கும். இரண்டு கழிகளிலும் 20 மி.மீ.க்கு ஒரு குறி போட்டு, நூலைக் குறியில் முடிச்சுப் போடாமல் துணி மாட்டும் கிளிப்பால் பிடித்து வைக்கிறேன். கிளிப்பைத் தளர்த்தி ஒரு மயிரிழை இழுத்தால் குண்டு ஏறும், விட்டால் இறங்கும். விலையுயர்ந்த கருவியில் திருகாணி செய்யும் வேலை அதுவே.

ஐந்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். முதலில் இரண்டு. அவை நேராக மோதி ஒன்று நிற்க மற்றொன்று போகும் வரை சரிசெய்யுங்கள். பிறகு மூன்றாவது, நான்காவது என்று சேருங்கள். எங்கள் பிள்ளைகள் முதல் தொட்டிலைச் சரிசெய்ய இரண்டு பிற்பகல்கள் எடுத்துக்கொண்டார்கள். உந்தம் திசையுள்ள அளவு என்று அவர்களிடம் நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு குண்டு கோணலாகப் போய் நின்ற ஒவ்வொரு முறையும் அது அவர்களுக்குத் தெரிந்தது.

இதைக் கட்டிய பிறகுதான் அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்ப முடிந்தது. பாடநூல் சொல்கிற விளக்கம் இரண்டு விதிகள்: உந்தமும் மாறாது, இயக்க ஆற்றலும் மாறாது. பல கேள்விகளுக்கு இது போதும். இரண்டு குண்டுகள் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வந்து மோதினால் ஏன் ஒரே குண்டு இரண்டு மீட்டர் வேகத்தில் பறப்பதில்லை? உந்தக் கணக்கு ஒத்துவருகிறது: ஒன்றும் ஒன்றும் இரண்டு. ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வரும்போது 1+1, போகும்போது 4. இல்லாத ஆற்றலை எங்கிருந்து கொண்டுவருவது?

ஆனால் மூன்று குண்டுகளை எடுத்துக்கொண்டு முதல் குண்டை 3 என்ற வேகத்தில் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் குண்டு 1 என்ற வேகத்தில் பின்னே திரும்ப, மற்ற இரண்டும் சேர்ந்து 2 என்ற வேகத்தில் முன்னே போனால்? உந்தம்: −1+2+2 = 3. சரி. வர்க்கங்கள்: 1+4+4 = 9. அதுவும் சரி. இரண்டு விதிகளும் அனுமதிக்கின்றன, ஆனாலும் அப்படி நடப்பதில்லை. இதை எழுதிப் போட்டதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. விதிகள் தடுக்காத ஒன்றை எது தடுக்கிறது?

மோதல்கள் ஒவ்வொன்றாக நடப்பதுதான் தடுக்கிறது. குண்டுகள் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தாலும், முதல் குண்டு இரண்டாவதோடு தன் கணக்கை முடித்த பிறகே இரண்டாவது மூன்றாவதிடம் போகிறது. எல்லாம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில். இதைக் காட்டக் கிளிப் போட்ட தொட்டில் வேண்டும். குறிகளை நகர்த்திக் குண்டுகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி விட்டால் மோதல்கள் 'டக், டக், டக்' என்று வரிசையாகக் காதில் விழும், கடைசிக் குண்டு முன்போலவே எழும்பும். இரண்டு குண்டுகளைச் சேர்த்து விட்டாலும் அப்படித்தான்: முன்னது முதலில் தன் வேகத்தை வரிசையின் கடைசி வரை அனுப்பிவிடுகிறது, பின்னது அடுத்து அனுப்புகிறது. அதனால்தான் இரண்டுக்கு இரண்டு.

மேலே சொன்ன −1, 2 முடிவையும் காட்ட முடியும், சேர்ந்து போகும் இரண்டு குண்டுகளின் இடத்தில் அவற்றின் மொத்த எடையுள்ள பெரிய குண்டு ஒன்று இருந்தால். 25 மி.மீ. பால்ரஸ் குண்டின் எடை 20 மி.மீ. குண்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டையும் மையம் நேராக வரும்படி கிளிப்பால் சரிசெய்து, சிறியதைப் பெரியதன்மேல் விட்டால், சிறியது மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் திரும்பும், பெரியது மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் முன்னே போகும். கேரம் ஸ்ட்ரைக்கரில் பார்த்ததன் மறுபக்கம் இது. குண்டுகளுக்கிடையே பிசைந்த கோதுமை மாவை ஒட்டினால் ஐந்தும் சேர்ந்து மெதுவாக ஆடும். உந்தம் அப்படியே இருக்க, இயக்க ஆற்றலில் பெரும்பகுதி மாவுக்குள் போய்விட்டது என்று அதே தொட்டிலில் காட்டலாம். கடைப் பொம்மையில் மாவை மட்டுமே ஒட்டிப் பார்க்க முடியும். குண்டை மாற்ற முடியாது, இடைவெளியை மாற்ற முடியாது.

ஆகவே என் பரிந்துரை இது. வீட்டு மேசைக்கு, பரிசுக்கு என்றால் நடுத்தர அளவுக் கடைத் தொட்டில் போதும். அதன் ஓசையும் அழகும் அதற்குப் போதுமான நியாயம். விழுங்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம், ஒட்டு விட்ட குண்டு தரையில்தான் விழும். நடுநிலை வகுப்புகளுக்கு அளவுகோலும் கோலியும், பிள்ளைக்கு ஒரு தொகுதி. ஒன்பது முதல் பதினொன்று வரை, ஆசிரியரிடம் இரண்டு பிற்பகல்கள் இருந்தால், கையால் கட்டுங்கள். நேரமே கிடைக்காத பள்ளியாக இருந்தால், நூலைச் சரிசெய்யும் திருகாணி உள்ள ஆய்வகக் கருவியை மட்டும் வாங்குங்கள்.

எங்கள் பள்ளிக்கு 20 மி.மீ. குண்டுகள் பதினைந்து, 25 மி.மீ. குண்டுகள் மூன்று, தூண்டில் நரம்பு ஒரு கண்டு, எபாக்ஸி பசை, பாசிமணி ஒரு சரம், துணிக் கிளிப் மூன்று டஜன் வாங்கினோம். மூன்று ஸ்டூல்கள் இப்போது கவிழ்ந்தபடி ஆய்வகத்தில் நிற்கின்றன. ஒரு தொட்டிலில் நடுக்குண்டாக அந்த மாணவி பெரிய குண்டைக் கட்டியிருக்கிறாள். முதல் குண்டை விட்டால் என்ன ஆகும் என்று விடுவதற்கு முன்பே கணக்குப் போட்டு, விடையைச் சுண்ணக்கட்டியால் ஸ்டூலின் காலில் எழுதி வைத்திருக்கிறாள்.